அங்கிளின் தலையில் ஓர் அவுஸ்திரேலியர்

காதலிக்கிற ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. கேட்காத கேள்விக்கெல்லாம் வீரமாகப் பதில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில், கனடாவில், ஸ்காபரோவில் நடந்த ஆங்கில வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த வதனி ஒருநாள், "எனக்குக் கரப்பான் பூச்சி எண்டாலே பயம்" என்றாள். நான் உடனே, "எனக்குப் பாம்புக்கும் பயமில்லை" என்றேன். (அங்கே பாம்பைப் பற்றி யாருமே பேசவில்லை.)

அப்போது நான் மிசிசாகாவில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னோடு பிரட் என்று ஓர் அவுஸ்திரேலியன் வேலை செய்தான். ஊர் ஞாபகத்துக்கு என்று அவன் வீட்டில் ஒரு அவுஸ்திரேலியப் பாம்பும், ஒரு தாடி ஓணானும் வளர்த்தான். திடீரென்று அவன் ஊருக்குத் திரும்ப முடிவு செய்தபோதுதான் சிக்கல் வந்தது. இரண்டுக்கும் பூர்வீகம் அவுஸ்திரேலியா, ஆனால் பிறந்தது கனடாவில். அவுஸ்திரேலியா அதுகளை உள்ளே விடாதாம். சொந்த நாட்டுக்குப் போகமுடியாத அந்தக் கவலை எனக்கு நன்றாக விளங்கியது. ஒரேயொரு வித்தியாசம், அதுகள் பிறப்பால் கனடியர். நான் இன்னும் வதிவிடப் பேப்பர் வருமென்று தபால்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாம்புக்குப் பயமில்லை எண்டனீங்கள். வாங்கிக்கொண்டு வாங்கோவன்" என்றாள் வதனி. போனேன். பிரட், கம்பளத்தில் நெய்த கோலம் போல உடம்பு முழுக்கக் கோலம் போட்டிருந்த அந்தப் பாம்பைத் தூக்கி என் தோளில் வைத்தான். அது ஆறுதலாக என் கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி, முகத்துக்கு நேரே வந்து நாக்கை நீட்டியது. "ஓணான் போதும்" என்று நான் தமிழில்தான் சொன்னேன். பிரட்டுக்கு விளங்கிவிட்டது.

ஓணான் நல்ல பிறவி. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம், நாடிக்குக் கீழே முள்முள்ளாய்த் தாடி. கோபம் வந்தால் தாடியை ஊதிக் கறுப்பாக்கும். மற்ற நேரமெல்லாம் கண்ணாடித் தொட்டிக்குள் சூடான விளக்குக்குக் கீழே கிடக்கும். கீரை தின்னும், உயிரோடு வெட்டுக்கிளி போட்டால் பாய்ந்து தின்னும். என்னோடு அறையைப் பகிர்ந்திருந்த குகன் அதற்குத் தாடியர் என்று பெயர் வைத்தான். அந்த முகத்தைப் பார்த்தால் மரியாதை குறைத்துக் கூப்பிட யாருக்கும் மனம் வராது.

அந்த மாசியில்தான் வதனியின் தாய்தகப்பன் என் வீட்டைப் பார்க்க வர ஒத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதை விட, எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறான் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். ஏற்கெனவே லண்டனில் ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளை, சாதகமும் பொருந்தி, ஆயத்தமாக நின்றார். எனக்கென்று இருந்தது வதனியின் ஒரு மனம் மட்டும்தான்.

"அப்பா ஓமெண்டா அம்மாவும் ஓம்" என்று வதனி ரெலிபோனில் சொன்னாள். "பேந்து, உந்த ஓணானைக் கண்ணில காட்டிப் போடாதேங்கோ. அம்மாக்குப் பல்லி சாத்திரத்தில சரியான நம்பிக்கை. தலையில பல்லி விழுந்தா உயிருக்குக் கூடாது எண்டு நிக்கிற ஆள்."

தாடியரை எங்கே ஒளிப்பது? வெளியே பனி. குளியலறைக்கு அவர்கள் போகக்கூடும். படுக்கை அறையைக் கட்டாயம் எட்டிப் பார்ப்பார்கள். யோசித்து யோசித்து நான் கண்டுபிடித்த இடம், நாங்கள் சாமியறையாக்கி வைத்திருந்த குளோசற், சுவருக்குள் கட்டிய உடுப்பு அலுமாரி. நல்ல கதகதப்பு. எப்போதும் சின்ன லைற் எரியும். மேல்தட்டில் தொட்டியை ஏற்றியபோது மூடி மேலே இடித்தது. மூடியைக் கழற்றிவிட்டு என் பட்டு வேட்டியால் போர்த்துவிட்டேன். கதவைச் சாத்தியபோது என் புத்தியை நானே மெச்சினேன். (ஒரு சைவக் குடும்பம் புது வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எந்தக் கதவைத் திறக்கும் என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை.)

வதனியின் அப்பா, எனக்கு அங்கிள், ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிசம் பிந்தாமல் கதவைத் தட்டினார். சப்பாத்தைக் கழற்றி, கையைக் கழுவி, "முதல்ல சாமியைக் கும்பிடுவம் தம்பி. எங்க?" என்றார்.

குகன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். வதனியின் அம்மா, எனக்கு அன்ரி, தானாகவே குளோசற்றைத் திறந்துவிட்டார்.

அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் பாடத் தொடங்கினார். நல்ல குரல். மேல்தட்டில் வேட்டி அசைந்தது. முதலில் தாடி வந்தது, பிறகு முகம். கீழே அங்கிளின் வழுக்கைத் தலை சிவப்பு லைற் வெளிச்சத்தில் வெயில் பட்ட பாறை போல மினுங்கிக்கொண்டிருந்தது. வெயில் பட்ட பாறையைக் கண்டால் தாடியர் என்ன செய்வார்? செய்தார்.

தொப்பென்று விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. தேவாரம் நிற்கவில்லை! பாதியில் நிறுத்தக்கூடாது என்ற கட்டுப்பாடு உள்ள மனிதர். தலையில் ஒரு ஓணான் தாடியை ஊதிக்கொண்டு நிற்க, அவர் கடைசி வரிவரை ராகம் பிசகாமல் பாடி முடித்து, "திருச்சிற்றம்பலம்" சொல்லி, கண்ணைத் திறக்காமலே கேட்டார்:

"தம்பி, என்ர தலையில என்ன?"

"பல்லி! ஐயோ, தலையில பல்லி!" என்று அன்ரி கத்தினார்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் புத்திசாலி. "பல்லியில்லை அன்ரி, உது ஓணான்" என்றேன். குகன் தன் பங்குக்கு, "அவுஸ்திரேலியா ஓணான் அன்ரி. எங்கட சாத்திரம் உவருக்குச் செல்லாது" என்றான்.

அன்ரி எங்களை நம்பவில்லை. எங்கள் ரெலிபோனிலேயே கோயில் ஐயருக்கு அடித்தார். "ஐயா, அவுஸ்திரேலியா ஓணான் தலையில விழுந்தா என்ன பலன்?" என்று அவர் கேட்டபோது, மறுமுனையில் ஐயர் கேள்வியை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். (அவரிடம் இப்படி ஒரு கேள்வி அதுவரை போயிருக்காது.) பிறகு சொன்ன தீர்ப்பை அன்ரி எங்களுக்கு ஒப்புவித்தார். எந்த நாட்டுப் பிறவியாக இருந்தாலும் தலை தலைதான். உடனே தலைமுழுக வேண்டும். விழுந்த சீவனுக்கு ஒரு குறையும் வராமல் பார்க்கவும் வேண்டும்.

அங்கிள் முழுகப் போனார். அப்போது தன் வீட்டிலிருந்து வதனி அழைத்தாள்.

"அப்பா என்ன சொல்றார்?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. குளிக்கிறார்."

"எங்க?"

"எங்கட பாத்ரூமில."

"வீடு பாக்க வந்தவர் ஏன் குளிக்கிறார்?"

"தாடியர்..." என்று தொடங்கினேன். "ஐயோ!" என்று அவள் ரெலிபோனை வைத்துவிட்டாள். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. லண்டன் மாப்பிள்ளை மாலையோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

அங்கிள் வெளியே வந்தார். இடுப்பில் என் சாரம். மேலே குகனின் ரீசேட், அதில் நெஞ்சு நிறைய ஒரு பியர்ப் போத்தல் படம். கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறான் பாவி. ஈரத்தலையோடு பனிக்குள் போக அன்ரி விடவில்லை. அந்தத் தலையில் காய்வதற்கு அதிகம் இல்லை என்று சொல்லும் துணிவு எங்கள் ஒருவருக்கும் இல்லை. அங்கிள் நடுங்கத் தொடங்கினார். தலைக்குக் கிட்டப் பிடிக்கச் சூடு தருகிற சாமான் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குகன் தாடியரின் விளக்கைக் கொண்டுவந்து கதிரைக்கு மேலே பிடித்தான்.

விளக்கைக் கண்டதும் தாடியரும் வந்துவிட்டார். கதிரையின் கையில் ஏறி, அங்கிளைப் பார்த்து, முன்கால் ஒன்றைத் தூக்கி மெதுவாக ஆட்டினார். பயத்தில் அந்தச் சாதி அப்படித்தான் செய்யும். அங்கிளுக்கு அது தெரியாது.

"உவர் என்ன, எனக்குக் கொடி காட்டுறாரோ?" என்று கேட்டுவிட்டு, அங்கிளும் கையைத் தூக்கி ஆட்டினார். அன்று அவர் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தலை காய்ந்ததும் அன்ரி எழுந்தார். "உதை நாங்கள் கொண்டு போறம். இவற்ர உயிர் உதில கிடக்கு. உம்மட்டை விட்டா ஒரு கிழமையில சாக்காட்டிப் போடுவீர்" என்றார். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வதனியைப் பற்றியும் இல்லை. தாடியர் தொட்டியோடும் விளக்கோடும் மோர்னிங்சைட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார். என் கலியாணமும் அந்தக் காரிலேயே ஏறிப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அன்ரியே அழைத்தார். "தம்பி, கீரையை மோந்து பாத்திட்டுத் திரும்பிப் படுக்குது. வேற என்ன தின்னும்?"

"பூச்சி அன்ரி. உயிரோட."

மச்சம் மாமிசம் வாசற்படி ஏறாத வீடு அது. ஆனால் கணவனின் உயிர் அல்லவா? "சரி, நீர் வந்து குடும். நான் பாக்கமாட்டன்" என்றார். அப்படித்தான் அந்த வீட்டுக்குள் எனக்கு வழி திறந்தது. வேலை முடிந்து பெட்டியில் வெட்டுக்கிளிகளோடு போவேன். அவை சில சமயம் தப்பி ஓடும். அன்ரி கதிரையில் ஏறி நின்று கத்துவார், வதனி கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள், நான் சோபாவுக்குக் கீழே தவழ்வேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போகத் தேவையில்லை. அன்ரியின் கட்டளைப்படி தாடியர் வெள்ளியில் சைவம்.

ஒருநாள் லண்டனிலிருந்து எஞ்சினியர் அழைத்தார். அன்ரி சுகம் விசாரித்துவிட்டு நேரடியாகவே கேட்டார். "தம்பி, நீர் பூச்சி பிடிப்பீரோ?" அந்தப் பிள்ளை என்ன நினைத்ததோ, அதற்குப் பிறகு அழைக்கவேயில்லை. அடுத்த தையில் எங்களுக்குக் கலியாணம். மணவறையில் நான் தாலி கட்டிய கையோடு அன்ரி, அதாவது என் மாமி, காதுக்குள் சொன்ன முதல் வார்த்தை, "இண்டைக்கு அதுக்குப் பூச்சி குடுத்திட்டீரோ?"

தாடியர் நெடுங்காலம் இருந்தார், கிழவராகித்தான் போனார். அன்று எல்லோரும் பயந்துபோய் மாமாவைப் பார்த்தோம். "என்ன என்னைப் பாக்கிறியள்?" என்று சொல்லிவிட்டு மாமா இன்னொரு தேத்தண்ணி கேட்டார். ஆனால் அன்று மாலை அவர் தனியாக அந்த வெறும் தொட்டிக்கு முன்னால் நின்று, மெதுவாக ஒருமுறை கையை ஆட்டியதை நான் பார்த்தேன்.

இன்றைக்கும் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்து, எங்களுடையது காதல் கலியாணமா பேசிச் செய்ததா என்று கேட்டால், நானும் வதனியும் வாய் திறக்குமுன் மாமி பதில் சொல்லிவிடுவார்.

"பேசித்தான் செய்தது. மகளுக்கு நாங்கள் பேசினது லண்டன் மாப்பிளையை. இவரைத் தாடியருக்குப் பேசினனாங்கள்."