சந்திரலேகாவின் ஷிப்டு

மனைவியின் யூடியூப் சேனலை இழுத்து மூடாமல் ஓய்வதில்லை என்று நயினார் முடிவெடுத்தது, ஆறிப்போன சொதியை மூன்றாவது நாளாக விழுங்கிய கையோடுதான்.

நயினாருக்குச் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பிழைப்பு ஒரகடத்தில் ஒரு கார் பாகம் செய்யும் கம்பெனியில். குடியிருப்பு மண்ணூரில், வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்று. அங்கே அவர் மனைவி இசக்கிசெல்வி 'வாடகை வீட்டுச் சமையல்' என்று ஒரு சேனல் ஆரம்பித்தாலும் ஆரம்பித்தாள், அடுப்பிலிருந்து எதுவும் நேராகத் தட்டுக்கு வருவதில்லை. முதலில் கேமரா சாப்பிடும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலேயிருந்து ஒரு தடவை. அது ஏப்பம் விட்ட பிறகுதான் நயினாருக்கு.

"பசிக்கி செல்வி."

"கொஞ்சம் பொறுங்க. தேங்காப்பாலு மேல வெளிச்சம் விழமாட்டேங்கு."

நேருக்கு நேர் பேச நயினாரிடம் தைரியம் இருந்தது. அதை எடுத்துச் செலவழிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். எனவே கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு போலிக் கணக்கு தொடங்கினார். பெயர் சந்திரலேகா. முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப்பூ. கம்பெனி வாசலில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்பதால், சந்திரலேகா போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே தன் வேலையை முடித்துக்கொள்வாள்.

பொல்லாதவள் அவள். செல்வியின் வீடியோக்களுக்குக் கீழே, "சொதியில் உப்பே இல்லை" என்றாள். "இதெல்லாம் சமையல் என்றால் எங்கள் கேன்டீன்காரருக்குக் கோயில் கட்டலாம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நயினார் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததையெல்லாம் வெளியே கொட்டினாள். கொட்டிய வேகத்தில் ஒருநாள், "இந்தச் சொதியைச் சாப்பிட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்" என்றும் எழுதிவிட்டாள். அன்றைக்கு நயினாருக்கு லேசான நெஞ்செரிச்சல். வேறொன்றுமில்லை.

மறுநாள் செல்வி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இவ மேல கேஸ் குடுக்கப் போறேன்."

"எவ மேல?"

"அந்தச் சந்திரலேகா மேலதான். சைபர் கிரைம்ல எழுதிக் குடுத்தா போதுமாம். எந்த ரோஜாப்பூவுக்குப் பின்னால ஒளிஞ்சாலும் போன் நம்பரோட தூக்கிருவாங்களாம்."

நயினார் தட்டைத் தள்ளி வைத்தார். வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் கிடந்தவர். அடுத்த மாதம்தான் அவரை நிரந்தரமாக்கப் போகிறார்கள். அதற்கு, தன் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"பாவம், பொம்பளப் பிள்ள. ஏதோ வயித்தெரிச்சல்ல எழுதிருப்பா."

"எழுதுன கை கம்பி எண்ணட்டும்."

வாசலில் வந்து நின்ற வீட்டுக்காரம்மா முனியம்மாளும் விடவில்லை. "வுடாதம்மா செல்வி. அவ மட்டும் என் கையில மாட்டட்டும், தொடப்பத்தாலயே வெளுக்கறேன். இன்னா நயினாரு, நான் சொல்றது?"

"ஆமாக்கா. வெளுக்கணும்," என்றார் நயினார்.

சுங்குவார்சத்திரம் டீக்கடையில் ஏசுதாஸைப் பிடித்தார். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர். அவருடைய மச்சான் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தபடியால் சட்டம் முழுவதும் ஏசுதாஸுக்கு அத்துப்படி.

"கணக்கையே அழிச்சிட்டா என்ன?"

"அழிச்சியா, தடயத்த அழிச்சன்னு அதுக்கு ஒண்ணு தனியா போடுவாங்கோ."

"அழிக்காம வச்சிருந்தா?"

"ஈசியா புடிச்சிருவாங்கோ."

"எம் பொண்டாட்டியத்தான சொன்னேன். ஊரான் பொண்டாட்டியவா சொன்னேன்?"

"பொம்பள பேர்ல எழுதிக்கிறியே, அது ஆள்மாறாட்டம். ஆஸ்பத்திரின்னு எழுதிக்கிறியே, அது அவதூறு. உன்ன எங்க போடுவாங்கன்னு தெரியும். சந்திரலேகாவ பெண்கள் ஜெயில்ல போடுவாங்களான்னுதான் மச்சான கேட்டுச் சொல்லணும்."

அன்று பஸ்ஸிலேயே சந்திரலேகா திருந்தினாள். "அக்கா, தெரியாமல் எழுதிவிட்டேன். நீங்கள் அன்னபூரணி" என்று எழுதினாள். வீட்டுக்கு வந்தால் செல்வி அதையே வாசித்துக் காட்டினாள்.

"பயந்துட்டா பாத்தியளா? இப்பத்தான் விடப்படாது."

வார லீவு நாள் காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து, "வண்டிய எடுங்க. ஸ்ரீபெரும்புதூர் வழியா போகணும்," என்றாள். ஸ்ரீபெரும்புதூரில்தானே போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. வழியெல்லாம் நயினார் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டினார். ஊர் எல்லையில் ஒரு பஸ் ஸ்டாப் ஓரம் வண்டியை நிறுத்திவிட்டார்.

"செல்வி, அந்தச் சந்திரலேகா நான்தான்."

கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்னது? காதுல விழல."

"நான்தான் சந்திரலேகா," என்று தொண்டை கிழியக் கத்தினார் நயினார். லாரி போய்விட்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்றவர் தன் பையை எடுத்து அந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்.

"தெரியும்," என்றாள் செல்வி.

"தெரியுமா?"

"நீங்க காலை ஷிப்டு போற வாரம் அவளுக்குக் காலையில வாயே கெடையாது. மதிய ஷிப்டு வாரம் சாயங்காலம் வாய் கெடையாது. நீங்க ஓவர்டைம் பாத்த அன்னைக்கி அவளும் ஓவர்டைம் பாத்தா. இதுல, உப்பு இல்லன்னு வேற எழுதுதா. வீடியோவுல உப்பு தெரியுமாங்க? இந்த உலகத்துல அந்தச் சொதியத் தின்னது நீங்க ஒராளுதான்."

நயினார் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கை காட்டினார்.

"அப்ப ஸ்டேஷனுக்கு?"

"எந்த ஸ்டேஷனுக்கு? நான் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குல்லா கிளம்புனேன். உங்க வேலை நிரந்தரமாகணும்னு வேண்டிக்கிட."

நயினாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளைப் போய் எழுதினோமே என்று நிஜமாகவே நெஞ்சு வலித்தது. அந்தக் கணக்கை இப்போதே, இந்த இடத்திலேயே ஒழித்துவிடுவதாகச் சொல்லிப் போனை எடுத்தார்.

செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒழிக்கப்படாது. அவகூட சண்டை போடத்தான் பாதிப் பேரு என் சேனலுக்கே வாராவ. இனிமே ஒவ்வொரு வீடியோவுக்கும் அவதான் மொத ஆளா வரணும். வாயார நல்லதா நாலு வார்த்தை எழுதணும். வரலன்னா, புகாரு எழுதி என் போன்லயே கெடக்கு. அனுப்புத வேலதான் பாக்கி."

முருகனைக் கும்பிட்டு வீடு திரும்பியதும் செல்வி சொதி வைத்தாள். அன்றைக்குக் கேமராவுக்கும் முன்னதாக நயினாருக்குத்தான் முதல் தட்டு. ஆவி பறந்தது. ஆசையாக ஒரு வாய் வைத்தார். மருந்துக்குக்கூட உப்பு இல்லை. நயினார் உப்பு ஜாடியைப் பார்த்தார். செல்வி அவருடைய செல்போனைப் பார்த்தாள்.

"உப்பு கச்சிதம் அக்கா," என்று எழுதினாள் சந்திரலேகா.