செருப்புகள் போட்ட ஓட்டு

பொய் எழுதுவதற்குக் கெட்ட புத்தி வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. கொஞ்சம் சோம்பேறித்தனமும் ஒரு தட்டு ரவா தோசையும் போதும். அனுபவத்தில் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த புதிது. எனக்கு இருபத்து மூன்று வயது. பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாதுங்காவில் மூன்று பேரோடு ஓர் அறையில் வாசம். இது போதாதென்று சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்குப் பம்பாய் நிருபர் வேறு. (நிருபர் என்பது நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட பட்டம். ஆசிரியர் என்னை 'பம்பாயிலிருந்து எழுதும் அன்பர்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்.) சட்டைப் பையில் இரண்டு பேனாக்களைச் செருகிக்கொண்டு திரிவேன். ஒன்றில் மசி இருக்காது.

கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் தமிழர் வாசகசாலை இருந்தது. ஆறு வருஷமாகப் பஞ்சாபகேசன் என்பவர்தான் செயலாளர். தாராவியிலிருந்து கடைக்காரர்களும் தொழிலாளிகளுமாக நாற்பது பேர் அங்கத்தினராகச் சேர மனுக் கொடுத்திருந்தார்கள். மனுக்கள் இரண்டு வருஷமாகப் 'பரிசீலனை'யில் இருந்தன. (புத்தக அலமாரி ஆடாமலிருக்க அதன் காலுக்கு அடியில் இருந்தன என்பது பிறகு தெரிந்தது.) அவர்களைச் சேர்க்காமல் தேர்தல் வைத்தால் நாங்களும் ஓட்டுப் போடமாட்டோம் என்று ஏற்கெனவே அங்கத்தினராக இருந்தவர்களில் பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். என் காதிலும் அது விழுந்தது. இப்படித்தான் சொல்வார்கள், கடைசியில் வந்துவிடுவார்கள் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்றிலிருந்து ஐந்து வரை. மூன்றே காலுக்குப் போனேன். எதிரே ஒரு காபி கிளப். அதன் ஜன்னலோர நாற்காலியிலிருந்து பார்த்தால் வாசகசாலையின் படிக்கட்டு நன்றாகத் தெரியும். மேலே ஏறிப் புழுக்கத்தில் நிற்பானேன்? உட்கார்ந்தேன். ரவா தோசை வந்தது, பிறகு காபி, பிறகு இன்னொரு காபி. எப்போதோ கண்ணை மூடியிருக்கிறேன். விழித்தபோது மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்.

அலறிக்கொண்டு ஓடினேன். படிக்கட்டின் கீழே செருப்புகள் வாசல் வரை வழிந்து கிடந்தன. வாசகசாலைக்குள் செருப்புக் கூடாது. ஆகையால் இத்தனை செருப்புக்கும் இத்தனை ஆள் உள்ளே. உடனே எண்ண ஆரம்பித்தேன். இருநூற்று எண்பத்தேழு. இரண்டால் வகுத்தால் நூற்று நாற்பத்து மூன்று, மீதி ஓர் ஒற்றைச் செருப்பு. அதையும் ஒரு வாக்காளராக ஏற்றுக்கொண்டேன். அப்போது பஞ்சாபகேசன் கழுத்தில் மாலையோடு இறங்கி வந்தார்.

"ஸார், கூட்டம் எப்படி?"

"நீரே பாருமேன் ஓய், படியிலே கால் வைக்க இடமுண்டோ?" என்றார் அவர், ஒரு செருப்பைத் தாண்டிக்கொண்டே.

போதாதா? 'நூற்று நாற்பத்து நான்கு அங்கத்தினர்கள் வெள்ளமெனத் திரண்டு வந்து தம் பொன்னான வாக்குகளை அளித்தனர். பகிஷ்காரம் பிசுபிசுத்தது' என்று எழுதி அன்றே தபாலில் சேர்த்தேன். அடுத்த வாரம் அச்சில் வந்தது. பஞ்சாபகேசன் அதை வெட்டி வாசகசாலை அறிவிப்புப் பலகையில் நான்கு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினார். நான் தினமும் போய்ப் படித்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் அறைக் கதவு தட்டப்பட்டது. சங்கரலிங்கம் அண்ணாச்சி. தாராவியில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அந்த நாற்பது பேரில் முதல் மனு அவருடையது. கையில் காகிதப் பொட்டலம். காகிதம், என் கட்டுரை. பிரித்தார். உள்ளே ஒரு செருப்பு. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"பயப்படாதீரும் வே, அடிக்க வரல. இது எஞ் செருப்பு. எனக்கு ஓட்டே கிடையாது. எஞ் செருப்புக்கு மட்டும் எப்படி வே ஓட்டு வந்துச்சு?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் என் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். வாசகசாலைக்கு மேலே மொட்டை மாடி. போவதற்கு அதே படிக்கட்டுதான். பகிஷ்காரம் செய்தவர்கள் அத்தனை பேரும், அந்த நாற்பது பேரும், ஐந்து மணி அடிக்கும் வரை அங்கேதான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"வீட்ல படுத்துத் தூங்கிட்டானுவோன்னு யாரும் சொல்லிரப்பிடாதுல்லா? அதுக்குத்தான் வெயில்ல காஞ்சோம். உள்ளே போயி ஓட்டுப் போட்டது ஒம்பதே பேரு."

"ஒன்பதா!"

"வர மாட்டோம்ங்கதுதான் நாங்க பேசுன பேச்சு. எங்களுக்கு இருந்தது அது ஒண்ணுதான். நீரு வந்தோம்னு எழுதி அதையும் பிடுங்கிட்டீரே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். அவமானத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் போனதும் மசி இருந்த பேனாவை எடுத்தேன். 'சென்ற இதழில் நான் எண்ணியவை மனிதர்கள் அல்ல, செருப்புகள்' என்று தொடங்கி, தோசை உட்பட நடந்ததை எழுதினேன். ஆசிரியர் இனி என் எழுத்தைத் தொடமாட்டார் என்று நினைத்துக்கொண்டே அனுப்பினேன். அவரோ ஒரு வரி குறைக்காமல் போட்டு, 'நமது செருப்பு நிருபர்' என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்.

மாதுங்காவே சிரித்தது. பூக்காரர் முதல் காபி கிளப் முதலாளி வரை என் காலைப் பார்த்துத்தான் பேசினார்கள். பஞ்சாபகேசனைப் பார்த்தும் சிரித்தார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்பதுன்னு அச்சிலேயே போட்டுட்டீரே ஓய்! அதிலே ரெண்டு பேர் என் மாப்பிள்ளைகள்னு ஊருக்கே தெரியுமே!"

பிறகு, "அந்த நாற்காலியிலே உட்கார்ந்தாலே குத்தறது" என்றார். மறுநாள் அலமாரிக் காலடியிலிருந்து மனுக்கள் வெளியே வந்தன. நாற்பது பேரும் அங்கத்தினர்களானார்கள்; பஞ்சாபகேசன் பதவியை விட்டு மறுதேர்தலும் அறிவித்தார். அலமாரி ஆட ஆரம்பித்தது.

மறுதேர்தலுக்கு அண்ணாச்சியே போட்டியாக நின்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "அந்த நிருபர் வாசல்ல நிக்கணும். மூஞ்சிய பாத்து எண்ணணும்." நின்றேன். இரண்டு மணி நேரம், தோசை கிடையாது, ஒவ்வொரு முகமாக எண்ணினேன். இருநூற்றுப் பதினெட்டுப் பேர். சிலர் வேண்டுமென்றே காலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள்.

முடிவு என்ன தெரியுமா? நான்கு ஓட்டு வித்தியாசத்தில் பஞ்சாபகேசனே ஜெயித்தார்! அதே ஆள், அதே நாற்காலி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆனால் முதலில் எழுந்து போய் மாலை போட்டவர் அண்ணாச்சி.

"போன தடவ நீங்க ஒம்பது பேருக்குச் செயலாளர். இப்பந்தான் எங்களுக்கும்."

பஞ்சாபகேசன் மாலையைக் கழற்றி அண்ணாச்சி கழுத்தில் போட்டார். அவர் அதைத் திருப்பிப் போட்டார். இப்படியே நாலைந்து முறை நடந்ததில் பூவெல்லாம் உதிர்ந்து நார்தான் மிஞ்சியது. நாடு முழுக்க ஓட்டுப் போடும் காலம் வந்தால் இப்படித்தான் இருக்கும் என்று நான் அன்றைக்கு நம்பினேன். இன்றைக்கும் அந்த நம்பிக்கையை முழுதாக விட்டுவிடவில்லை.

சந்தோஷமாகக் கீழே இறங்கினேன். முகங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் செருப்பை எவனோ போட்டுக்கொண்டு போய்விட்டான்.

எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகிறது. கல்யாணம், கச்சேரி, பொதுக்கூட்டம் என்று எங்கே போய்வந்து "நல்ல கூட்டம்" என்று சொன்னாலும் என் மனைவி தலை நிமிராமல் கேட்பாள்: "ஆளா, செருப்பா?" பேரப்பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அதனால் இன்றும் நான் எங்கே போனாலும் உள்ளே போய்க் கடைசி வரிசை வரை நடந்து, முகங்களை எண்ணிவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.