மீன் தின்ற காது

செத்துப்போன பாட்டுக்கு ஒருவர் உயிர் கொடுக்கிறாராம்! வங்காளத்துச் சந்தன்நகர் முழுக்க அந்த ஆடி மாதம் இதே பேச்சுதான்.

செத்த மனிதனுக்கு உயிர் கொடுப்பதாகச் சொன்னால் டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிடுவார். பாட்டுக்கு யார் நாடி பார்ப்பது? ஆசாமி விவரமானவர்தான்.

நாதபந்து பிராணதோஷ் தலாபாத்ரா என்பது அவர் திருநாமம். ஜிப்பாவுக்கு மேல் ஒரு கோட்டு, கழுத்தில் உருத்திராட்சம், கையில் லேப்டாப். அந்த லேப்டாப்பின் நெற்றியிலும் ஒரு சந்தனப் பொட்டு. விஞ்ஞானத்தை நம்பியவன் கோட்டைப் பார்த்து வந்தான். சாமியை நம்பியவன் பொட்டைப் பார்த்து வந்தான். இரண்டையும் நம்பாதவன் கூட்டத்தைப் பார்த்து வந்தான். சித்திரையில் அவர் முதல் தடவை வந்தபோது ஏழெட்டுப் பேர்தான் எட்டிப் பார்த்தார்கள். ஆடியில் மறுபடி வந்தபோது சுரலஹரி இசைச் சங்கத்து வாசலில் குடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

"எம்.பி.3-ன்னா என்ன? பாட்டைப் பிழிஞ்சு, சாறைக் கீழ கொட்டிட்டு, சக்கையை டப்பாவில அடைச்சு வச்சது! நீங்க இத்தனை வருஷமா பாட்டு கேக்கல. பிணத்தைக் கேட்டுக்கிட்டிருந்தீங்க!" என்றார் நாதபந்து.

கூட்டம் 'ஐயோ' என்றது.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பாட்டைச் சுருக்கும்போது கொஞ்சம் போகத்தான் செய்யும். புளுகன் எப்போதும் பாதி உண்மையை முதல் போட்டுத்தான் கடை திறப்பான். கொட்டிப்போன சாற்றை இவர் எந்த ஊரிலிருந்து அள்ளிக்கொண்டு வருவார்? அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சக்கையாய்க் கிடக்கும் பாட்டை அவர் 'நாத வடிவ'த்துக்கு மாற்றி, தன்னுடைய மரப்பெட்டிக்குள் இறக்கித் தருவார். நாலு எம்.பி. பாட்டு நாற்பது எம்.பி. ஆகிவிடும். "பாருங்க, எடை கூடிடுச்சு! உயிர் வந்துடுச்சு!" என்று திரையைக் காட்டுவார். ஆனால் ஓர் உயிர் இரண்டு உடம்பில் இருக்கலாமா? கூடாதே! ஆகவே பழைய ஹார்ட் டிஸ்க்கை, பூஜை முடிந்த அம்மன் சிலையைக் கரைப்பதுபோல, கங்கையில் விட்டுவிட வேண்டும். உயிர் கூடு மாறும் நேரத்தில் யாரும் பார்க்கக் கூடாது, அதனால் கருவிகளின் மேல் ஒரு சிவப்புத் துணி. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்க வருகிறவர்கள் மூன்று நாள் மீனைத் தொடக் கூடாது.

வங்காளிக்கு மீன் இல்லாத மூன்று நாள்! அதுவும் இலிஷ் மீன் முட்டையோடு ஏறிவரும் மழைக்காலத்தில்!

இந்த நிபந்தனையில்தான் ஆசாமியின் சாமர்த்தியம் முழுக்க இருந்தது. யாராவது தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றால் போதும். நாதபந்து மூக்கைச் சுளித்து, "என்ன, மீனா?" என்பார். ஊரே அவனைத் திரும்பிப் பார்க்கும். அவனும் என்றைக்கோ தின்ற மீன் தலையை நினைத்துக் குன்றிப்போய், "ஆமா, இப்பத் தெரியுது, நல்லாவே தெரியுது" என்று உட்கார்ந்துவிடுவான். தன் காது மட்டம் என்று ஒத்துக்கொள்ள இந்த ஊரில் எவனுக்கு மனசு வரும்?

ஒத்துக்கொள்ளும் ஜீவன் ஒன்றே ஒன்று இருந்தது. அது மிருண்மயி.

மிருண்மயி பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். கணவர் சுதாங்ஷு சங்கத்துச் செயலாளர். இசை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவள் ஒரு ராகத்துக்கு இன்னொரு ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து 'காதில்லாதவள்' என்று பட்டம். அவளும் அதை அலட்டிக்கொள்ளவில்லை. சங்கத்தில் கச்சேரி என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பொரியில் எண்ணெயும் பச்சை மிளகாயும் பிசறிக் கொடுப்பது அவள் வேலை.

அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நாதபந்து ஒரு பழைய பாட்டை ஓடவிட்டார். பிறகு துணிக்குள் கையை விட்டு ஏதோ மாற்றினார். "இப்ப உயிருள்ள பாட்டு. கேளுங்க!"

சங்கத்து ரசிகர்கள் பாட்டு கேட்பதே ஒரு காட்சி. முதல் சுரம் விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கண் திறந்தவன் ஞானசூனியம். வரிசை வரிசையாக இமைகள் மூடின, தலைகள் ஆடின. மிருண்மயிக்குத்தான் காதில்லையே, அவள் கண்ணை எதற்கு மூட வேண்டும்? அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாதபந்துவின் மோதிர விரல், துணிக்கு வெளியே இருந்த ஒலிபெருக்கியின் குமிழை ஒரு விரற்கடை அளவு வலது பக்கம் திருப்பியது.

"அடடா! தபலா என் முழங்கைகிட்ட கேக்குது!" என்றார் ஒருவர், கண்ணைத் திறக்காமலே.

சத்தத்தைக் கூட்டினால் தபலா முழங்கைக்கு வராமல் முதுகுக்கா போகும்?

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள்.

"என்னங்க, அந்த ஆளு சத்தத்தைத்தான் கூட்டுறாரு. நான் என் கண்ணால பார்த்தேன்."

"பாட்டைக் கண்ணால பார்த்தியா? நல்லா இருக்கு கதை. மிருணு, உனக்குப் பிரஷர் குக்கர் விசிலுக்கும் புல்லாங்குழலுக்கும் வித்தியாசம் தெரியாது. விடு."

"பைல் பெரிசாச்சுன்னா உயிர் வந்ததா அர்த்தமா? பருப்புல தண்ணி ஊத்தினாக்கூடத்தான் அண்டா நிறையும்."

சுதாங்ஷு அலமாரியிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துத் துடைத்தார். துடைத்தபடியே மெல்லச் சொன்னார்: "நாளைக்கு நம்ம டிஸ்க்கைக் கொடுத்துப் பாட்டை இறக்கிக்கறேன். ஞாயித்துக்கிழமை உயிர் மாத்தற சடங்கு. அக்கா மூச்சு விடறதுகூட கேக்கும்னாரு, மிருணு. அக்கா மூச்சு."

அந்த டிஸ்க்கில்தான் ஃபுல்ரேணு அக்கா இருந்தாள். சுதாங்ஷுவை வளர்த்து ஆளாக்கியவள். புற்றுநோய் அவளைக் கொண்டுபோவதற்கு முன்பு, வீட்டுச் சமையலறைப் பக்கத்தில் உட்கார்ந்து கேசட்டில் பாடி வைத்த மழைக்காலப் பாட்டுகள். கேசட்டுகளில் பூஞ்சை ஏறிவிட்டது. அதற்குள் எப்படியோ எம்.பி.3 ஆக்கி வைத்தார்கள். உலகத்தில் இருக்கும் ஒரே பிரதி அதுதான். ஒரு பாட்டின் நடுவே அக்காவே பாட்டை நிறுத்திவிட்டு, "மிருணு, குக்கர்!" என்று கத்துவாள். காதில்லாதவளுக்கு அந்த ஒரு வரி மனப்பாடம்.

மறுநாள் ஹாபுல் குண்டுவின் மிட்டாய்க் கடைக்குப் போனாள். சித்திரையில் முதன்முதலாக நாத வடிவத்துக்கு மாறிய புண்ணியவான் அவர். ஊரில் நாதபந்துவைப் பற்றி அவரைவிட உரக்கப் புகழ்ந்தவர் கிடையாது.

"என்ன ஹாபுல் அண்ணா, கடையில பாட்டையே காணோம்?"

ஹாபுல் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "யாருகிட்டயும் சொல்லாதீங்க அண்ணி. பெட்டி ஊமையாயிடுச்சு. நாதபந்துவைக் கேட்டா, நீ மீன் தின்னிருப்பே, வருஷா வருஷம் பணம் கட்டி சாந்தி செய்யணும்கிறாரு. என் பழைய டிஸ்க்கு கங்கையில போச்சு. எங்கப்பா சேத்து வச்ச பாட்டு மொத்தமும் அந்தப் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. வேற எதிலயும் பாட மாட்டேங்குது."

"அப்புறம் ஏன் ஊரெல்லாம் ஆகா ஓகோன்னு சொல்றீங்க?"

"நான் ஒருத்தன் மட்டும் ஏமாளின்னு சொல்லிக்கவா?"

மூக்கறுபட்டவன் சாமி தெரிகிறது என்று சொல்லி ஊரையே மூக்கறுக்க வைத்த கதைதான். வேறென்ன?

மிருண்மயி கோபப்படவில்லை. மீன் கடைக்குப் போய், நல்ல கங்கை இலிஷ் ஒன்று வாங்கிக்கொண்டு தன் தங்கை வீட்டுக்குப் போனாள். கடுகு அரைத்துப் போட்டு அக்கா தங்கை இருவரும் ஒரு முள் பாக்கியில்லாமல் சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை, பாட்டுகள் இறங்கிய மரப்பெட்டி அரக்கு முத்திரையோடு வீட்டுக்கு வந்தது. மிருண்மயி அதைக் கொண்டுவந்த நாதபந்துவின் முன்னால் கைகூப்பி நின்றாள்.

"நாளைக்கு உயிர் மாத்தற சடங்கை நானே செய்யறேன் சாமி. என் நாத்தனாருக்குக் கடைசியா நான் செய்யறதா இருக்கட்டும்."

நாதபந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஊரே 'காதில்லாதவள்' என்று சொல்கிற பெண். இவளால் என்ன ஆகப்போகிறது?

"தாராளமா செய்யும்மா. துணிக்குள்ள கையை விட்டு, டிஸ்க்குல இருக்கிற வயரைப் பிடுங்கி, அரக்கை உடைச்சுப் பெட்டியில சொருகணும். அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படியே அந்தக் குமிழை மங்களமா கொஞ்சம் வலது பக்கம் திருப்பிடு."

"எவ்வளவு சாமி?"

"ஒரு விரற்கடை."

"ஆகட்டும் சாமி."

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் எள் போட்டால் எள் விழாது. மூன்று நாள் மீன் விட்ட முகங்கள் அத்தனையும் அம்மை வார்த்த முகம்போல் வாடிக் கிடந்தன. படித்துறையில் டிஸ்க்கைக் கரைக்க வாழைத்தண்டில் ஒரு சின்னத் தெப்பம்கூடக் கட்டி வைத்திருந்தார்கள். சுதாங்ஷு முதல் வரிசையில் வேட்டியின் கொசுவத்தைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் சுத்தமா இருக்கீங்களா? யாரும் மீன் தொடலையே?" என்றார் நாதபந்து.

"தொடலை! தொடலை!"

முதலில் பழைய டிஸ்க்கிலிருந்து அக்காவின் பாட்டு ஓடியது. "எவ்வளவு சோகையா இருக்கு பாருங்க" என்று நாதபந்து உச்சுக்கொட்டினார். கூட்டமும் உச்சுக்கொட்டியது. மிருண்மயி பெட்டி இருந்த ஜோல்னாப் பையோடு எழுந்து போய்ச் சிவப்புத் துணிக்குள் கையை விட்டாள். ஏதோ கடகடத்தது. பொத்தானை அழுத்தினாள், குமிழைத் திருப்பினாள். பாட்டு மறுபடி முதலிலிருந்து ஓடியது.

கண்கள் மூடின.

"ஆகா! இது பாட்டு!"

"தம்பூராவோட நரம்பு ஒவ்வொண்ணும் தனித்தனியா அதிருது!"

அக்கா பாடியதில் தம்பூராவே கிடையாது. அது சமையலறையில் ஓடிய மின்விசிறி.

நாதபந்துவும் கண்களை மூடி, கன்னத்தில் நீர் வழிய நின்றார். "பார்த்தீங்களா! அந்தம்மா இப்ப மூச்சு விடறாங்க. இது என் பெட்டிக்குள்ள பிறந்த மூச்சு!"

சுதாங்ஷு விசும்பினார். மிருண்மயி அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டிச் சிவப்புத் துணியை உருவினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கண்ணைத் திறங்க."

வயர் பழைய டிஸ்க்கிலேயே இருந்தது. மிருண்மயி தன் ஜோல்னாப் பைக்குள் கையை விட்டு மரப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். அரக்கு முத்திரை உடையவில்லை.

"நீங்க ரெண்டு தடவை கேட்டதும் ஒரே பிணம்தான். சாமி என்கிட்ட ஒரு விரற்கடை திருப்பச் சொன்னாரு. திருப்பினேன்." அவள் குமிழை இடது பக்கம் நகர்த்தினாள். "உயிர் போச்சு." வலது பக்கம் நகர்த்தினாள். "வந்துச்சு." மறுபடி இடது. "போச்சு." வலது. "வந்துச்சு. இன்னும் யாருக்காவது உயிர் வேணுமா?"

பின்வரிசையில் ஒருவன் 'களுக்'கென்று சிரித்தான். அது முன்வரிசை வரைக்கும் தொற்றிக்கொண்டது.

நாதபந்து லேசுப்பட்டவரா? மூக்கைச் சுளித்துக் கையை உயர்த்தினார். "தீட்டு! இந்தச் சபையில யாரோ மீன் தின்னிருக்காங்க! அதனாலதான் என் காதே மறைச்சுப்போச்சு!"

"நான்தான் சாமி," என்றாள் மிருண்மயி. "இலிஷ். கடுகு அரைச்சுப் போட்டு. உங்க ஞானக்காதை மறைக்க என் ஒரு மீன் போதும்னா, மீனுக்குத்தானே சக்தி அதிகம்? நாங்க அதையே கும்பிட்டுக்கறோம். சரி, இப்பவும் கெட்டுப்போகல. துணியைப் போடறேன், குமிழைத் தொட மாட்டேன். டிஸ்க்கு எது, பெட்டி எதுன்னு காதால கேட்டுச் சொல்லுங்க. சொல்லிட்டா டிஸ்க்கை நானே கங்கையில விடறேன்."

நாதபந்துவுக்குத் திடீரென்று ராகுகாலம் நினைவுக்கு வந்தது. லேப்டாப்பை மூடினார். ஆனால் வாசலில் ஹாபுல் குண்டு நின்றார். மிட்டாய்க் கடைக்காரரின் வயிறு அந்த வாசலுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

"எங்கப்பா பாட்டு எங்கடா?" என்றார் ஹாபுல். இத்தனை மாதமாக ஆகா ஓகோ என்ற வாய். "ஊமைப்பெட்டியைக் கொண்டுவந்திருக்கேன். இப்பவே பாட வை. இல்லேன்னா வா படித்துறைக்கு. என் டிஸ்க்கை முங்கி எடுத்துக் கொடு!"

ஆடி மாத வெள்ளத்தில் கங்கை சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. நாதபந்து அதை ஜன்னல் வழியாக ஒருமுறை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், லேப்டாப் திறந்தது. பெட்டி குறித்த நாளில் தானாகவே வாயடைக்கும்படி பூட்டி வைத்த பூட்டைக் கழற்றினார். பெட்டி பாடியது. உள்ளே இருந்தது அதே பழைய எம்.பி.3, பெரிய உறை போட்டுப் பருமன் ஏற்றியிருந்தார், அவ்வளவுதான். அதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையனைப்போல இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார்.

வாழைத்தண்டுத் தெப்பம் படித்துறையில் காலியாகவே மிதந்தது.

அன்று மத்தியானம் சுதாங்ஷு டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பாட்டைப் போட்டார். பாட்டின் நடுவே, "மிருணு, குக்கர்!" என்று அக்கா கத்தினாள்.

"இது கங்கைக்குப் போயிருக்கும்" என்றார். "நான்தான் கொண்டுபோயிருப்பேன்."

"போகலையே. முதல்ல அதை நாலு இடத்துல பிரதி எடுத்து வைங்க. அப்புறம் வந்து சாப்பிடுங்க, மீன் ஆறுது."

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை ஹாபுல் குண்டு ஒரு பானை ரசகுல்லாவோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் சங்கத்து ரசிகர்கள் பத்துப் பேர்.

"அண்ணி, எங்க யாருக்கும் கேக்காதது உங்களுக்கு மட்டும் கேட்டுதே. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம், எல்லாம் அந்த இலிஷோட மகிமைதான். கடுகு போட்டுத் தின்னா காது நல்லாத் திறக்குமா, வறுத்துத் தின்னாவா?"

மிருண்மயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"எப்படி வேணாலும் தின்னுங்க ஹாபுல் அண்ணா. பாட்டு கேக்கும்போது ஒரு கண்ணையாவது திறந்து வைங்க."