சக்கரம் வெச்ச ஹீட்டர்

இல்லைங்க, அது தெருவிளக்கு இல்ல. கேஸ் ஹீட்டர். பனியில முற்றத்துல நின்னாலும் குளிராது. சாமான்ல குறையே இல்ல. வாங்கின ஆள்தான் சரியில்ல.

எங்க தாஷ்கண்டுல பொம்பளைங்க மாசம் ஒருத்தி வீட்டுல கூடிப் பேசி, பலாவ் சோறு சாப்பிட்டுப் போவாங்க. என் சம்சாரம் முனவ்வரோட முறை எப்பவும் குளிர்காலத்துலதான் வரும். அன்னிக்கு டிவி அறை அவங்களுக்கு. கால்பந்து எனக்கு இல்ல. முற்றத்துல பெரிய சட்டியில பலாவ் கிண்டறது இங்க ஆம்பளை வேலை. எனக்குக் குளிர்ல முதுகு பிடிச்சுக்கும்ங்கறதால அவளே பண்ணிடுவா.

இந்தத் தடவை நான் ஒரு திட்டம் போட்டேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில ஒரு ஹீட்டர். கூட்டம் வெளிய, டிவியும் நானும் உள்ள. சொன்னதும் சண்டை வரும்னு பாத்தா, நல்ல யோசனைன்னு கடைக்கே கூட வந்துட்டா. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்.

கடையில மேஜை மேல வைக்கறது, சுவத்துல மாட்டறது, குடை மாதிரி உசரமா நிக்கறதுன்னு மூணு தினுசு. சுவத்துல மாட்டறதே போதும்னேன். அவ குடையைச் சுத்திச் சுத்தி வந்தா. காத்துல அணையுமா, தள்ளிட்டுப் போக சக்கரம் இருக்கான்னு கடைக்காரரை விசாரிச்சா. கடைசியா, "அடியில நின்னா முதுகுல சூடு படுமா?"

"யார் முதுகு?"ன்னேன்.

"வர்றவங்களுக்குத்தாங்க."

இன்னிக்கு வந்தாங்க. ஹீட்டரை ஒரு பார்வை பாத்துட்டு நேரா டிவி அறைக்குள்ள போயிட்டாங்க. வெளிய இவ்வளவு சூடு பண்ணி வெச்சிருக்கேனேன்னு கேட்டேன். முனவ்வர் ஹீட்டரைத் தள்ளிட்டுப் போய் அடுப்பு பக்கத்துல நிறுத்தினா. கரண்டியை என் கையில குடுத்தா.

"இனிமே முதுகு பிடிக்காதுங்க."

கேரட் வதங்கற நேரத்துல உள்ள யாரோ கோல் போட்டாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. எந்த அணின்னு எனக்குத் தெரியாது. முதுகு கேக்கறீங்களா? சும்மா சொல்லக்கூடாது, இவ்வளவு சுகமா இருந்ததே இல்ல. அதான் வருத்தமே.

இருங்க, ஜன்னல்லேர்ந்து கூப்பிடறா.

"ஏங்க, அரிசி போடுங்க. அடுத்த மாசம் எதிர்வீட்டு தில்ஃபூசா முறை. அவ வீட்டுக்காரர் ரஷ்யாவுல வேலைக்குப் போயிருக்காரு, பலாவ் கிண்ட ஆளில்ல. அதுக்கென்ன, ஹீட்டருக்குத்தான் சக்கரம் இருக்கே."

வரேங்க. அரிசி போடணும்.