பேயின் விசிறி

லைட்டுக்காரரின் வலது கை சம்பந்தியின் வழுக்கைத் தலைமேல் இருந்தது. எடுத்துவிடலாமா, இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டுமா என்று அவருக்குப் புரியவில்லை. சம்பந்தி கண்களை மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்தது.

"இதே கைதான்," என்றார் சம்பந்தி. "அதே குளிர்ச்சி."

சற்று முன்புதான் லைட்டுக்காரர் எல்லோருக்கும் ஐஸ் தண்ணீர் ஊற்றிக் கொடுத்திருந்தார். அதைச் சொல்லும் நேரம் தாண்டிவிட்டது.

கல்யாணப் பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. லைட்டுக்காரரின் மகளும் சம்பந்தியின் மகனும் ஒரே அலுவலகம். அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து நாள் பார்ப்பதுதான் பாக்கி. சம்பந்தியும், அதிகம் வாய் திறக்காத சம்பந்தியம்மாவும் வந்திருந்தார்கள்.

"நீங்க டிவி ஸ்டேஷன்ல லைட் போட்டுக்கிட்டு இருந்தீங்களாமே," என்று சம்பந்தி ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல டிவிக்குன்னே ஒரு பேய்ப்படம் எடுத்தாங்க. மூத்த பையன் செத்துப்போயிடுவான். வீடே இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கும். அவன் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கிட்டு வந்து தம்பி தலையில கை வெப்பான். யாரையும் பயமுறுத்த மாட்டான். ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. எங்க ஸ்டூடியோவுலதான் எடுத்தாங்க."

"எங்க அண்ணன் போன அன்னிக்கு அந்தப் படம் போட்டாங்க."

லைட்டுக்காரரின் மனைவி கையிலிருந்த பலகாரத் தட்டைக் கீழே வைத்தாள்.

"கல்யாண வயசு. ஒரே நாள்ல போயிட்டார். அதுக்கப்புறமும் அம்மா அவருக்குன்னு ஒரு தட்டு எடுத்து வெச்சுக்கிட்டே இருந்தாங்க. நான் டிவி முன்னால உட்கார்ந்து, அந்தப் பேய்தான் என் அண்ணன்னு நினைச்சு அழுதேன். அந்தப் பேயா நடிச்சவரை ஒரே ஒரு தடவை பார்க்கணுங்க. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

தெரியும். ஸ்டேஷன் வேன் ஓட்டியவர். நல்ல உயரம், ஈர்க்குச்சி உடம்பு. போன வருஷம் காலமாகிவிட்டார். அதைச் சொல்லத்தான் லைட்டுக்காரர் வாயைத் திறந்தார். சம்பந்தியின் முகத்தைப் பார்த்ததும், ஏற்கெனவே நொந்துபோன மனுஷனுக்கு இன்னொரு சாவுச் சேதியா என்று மனசு இளகிவிட்டது.

"நான்தாங்க," என்று வாயில் வந்துவிட்டது.

சம்பந்தி அவர் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டது அப்போதுதான்.

கண்ணைத் துடைத்த பிறகு சம்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். லைட்டுக்காரர் குள்ளம்.

"படத்துல நல்ல உயரமா இருந்தீங்களே."

"ஸ்டூல் மேல நின்னேங்க."

"நடந்து வந்தீங்களே."

"ஸ்டூலுக்குச் சக்கரம் வெச்சிருந்தோம்."

"அதான் மிதந்து வர்ற மாதிரியே இருந்துச்சு," என்றார் சம்பந்தி பூரிப்போடு.

அவர்கள் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"அந்தப் படத்துல விசிறி பிடிச்ச ஆளு பேய் ஆனது எப்போ?"

"பாவம்டி. துக்கத்துல இருக்கிற மனுஷன்."

"அவர் பாவம்தான். அவரைப்போய் ஏமாத்தறோமே. கல்யாணத்துக்கு முன்னால ஒழுங்கா சொல்லிடுங்க. இன்னொண்ணு, அந்த அண்ணனைப் பத்தி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்காதீங்க. புண்ணைக் கிளறக் கூடாது."

சொல்லத்தான் நினைத்தார். ஆனால் மறுவாரம் சம்பந்தி தன் தங்கையையும் தங்கை வீட்டுக்காரரையும் அழைத்து வந்துவிட்டார். அவர்களும் அவர் கை வைக்கத் தலையை நீட்டினார்கள். தங்கை, "அண்ணனே வந்து தொட்ட மாதிரி இருக்கு," என்று விசும்பினாள். தங்கை வீட்டுக்காரருக்கு அழுகை வரவில்லை. தலைவலி போனதாகச் சொன்னார். அதற்கடுத்த வாரம் தலைவலிக்காகவே ரெண்டு பேர் வந்தார்கள்.

கை கழுவும்போது லைட்டுக்காரருக்கு வலது கையைப் பார்க்கவே கூசியது.

"அந்தப் படத்தை இனிமே எங்கேயும் பார்க்க முடியாதாங்க?" என்று ஒரு நாள் சம்பந்தி போனில் கேட்டார்.

இத்தோடு பேச்சை முடித்துவிடலாம் என்று, "எல்லாம் அழிஞ்சுபோச்சுங்க. டேப் தட்டுப்பாட்டுல அதுமேலேயே செய்தியைப் பதிவு பண்ணிட்டாங்க," என்றார் லைட்டுக்காரர். அது உண்மையும்கூட.

"அண்ணனை ரெண்டாவது தடவையும் விட்டுட்டேனா?" என்று சம்பந்தியின் குரல் உடைந்தது. அன்றிலிருந்து அவர் சும்மா இருக்கவில்லை. பழைய வீடியோ கேசட் சேர்ப்பவர்களை எல்லாம் தேடிப் பிடித்து விசாரித்தார். யாரோ ஒருவர் அந்தப் படத்தை வீட்டிலேயே பதிவு செய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு, கேசட், அதை ஓட்டும் பெட்டி, தங்கை குடும்பம், தலைவலிக்காரர்கள் சகிதம் சம்பந்தி வந்து இறங்கினார்.

"உங்க வீட்டுல, உங்க பக்கத்துல உட்கார்ந்து பார்க்கணும்," என்றார்.

லைட்டுக்காரர் தண்ணீர் எடுத்து வருவதுபோல் உள்ளே போய் ஃபியூஸைப் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"கரண்ட் போயிடுச்சே," என்றார், முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு.

"உங்களுக்கென்னங்க, லைட்டுக்காரரு. ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட மாட்டீங்களா?"

ஸ்க்ரூடிரைவரோடு மீட்டர் பெட்டிமுன் நின்று நேரத்தை ஓட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுல கரண்ட் இருக்கே," என்று ஜன்னல் வழியாக நீளமான ஒயரை நீட்டினார். பேய்ப்படம் என்று தெரிந்ததும் அவரும் குடும்பத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

படம் ஓடியது. கோடு கோடாக இருந்தாலும் புரிந்தது. பெரிய சாப்பாட்டு மேஜை, ஒரு காலி நாற்காலி, பேசாமல் சாப்பிடும் அப்பா, அழக்கூடத் தெம்பில்லாத அம்மா. ஜன்னல் திரை மெல்ல அசைந்தது. வெள்ளைத் துணி போர்த்திய உருவம் உள்ளே வந்தது. தம்பியின் தலைமுடி காற்றில் பறந்தது. உருவம் அவன் தலைமேல் கை வைத்தது. சம்பந்தி இருட்டில் லைட்டுக்காரரின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

அப்போது கேமரா சற்றே திரும்பியது. பீரோக் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குள், திரைக்குப் பின்னால், ஒரு குள்ளமான இளைஞன் மேஜை விசிறியை மடியில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வாயைப் பிளந்து ஒரு நீளமான கொட்டாவி விட்டான்.

"அப்பா, அது நீங்கதானே?" என்றாள் மகள்.

யாரோ பக்கத்து வீட்டு ஒயரிலேயே ஒரு பல்பை மாட்டி எரியவிட்டார்கள். லைட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் போட்ட லைட்டுகளில் எதுவும் அன்றைக்கு எரிந்த அந்த ஒரு பல்பு அளவுக்குப் பிரகாசமாக இருந்ததில்லை.

"பேயா நடிச்சது டிரைவருங்க. அவர் இப்போ இல்ல. நான் விசிறிதான் பிடிச்சேன். அன்னிக்கு உங்க வேதனையைப் பார்த்து மனசு கேட்கல, பொய் சொல்லிட்டேன். ஸ்டூலும் கிடையாது, சக்கரமும் கிடையாது. கரண்டும் போகல." மடிப்பிலிருந்து ஃபியூஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என்னை என்ன வேணும்னாலும் திட்டுங்க. பொண்ணு மேல கோபப்படாதீங்க."

தலைவலிக்காரர் ஒருவர் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சம்பந்தி ஃபியூஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "அந்தக் காத்து? தம்பி முடி பறந்துச்சே?" என்று கேட்டார்.

"அது என் விசிறிங்க."

"அப்போ பாதிப் பேய் நீங்கதான்." அவர் எழுந்து வந்து லைட்டுக்காரரைக் கட்டிக்கொண்டார். "எனக்கு அது போதும். கல்யாணம் நடக்கும்."

லைட்டுக்காரரால் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். இப்படிப்பட்ட மனுஷனை, அதுவும் அண்ணனைப் பறிகொடுத்தவரை, ஏமாற்றினோமே என்று குலுங்கி அழுதார். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பக்கத்து வீட்டுக்காரரும் ஏனென்று தெரியாமலே அழுதார்.

வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா உள்ளே வந்து, கணவரிடம் போனை நீட்டினார்.

"இந்தாங்க, உங்க அண்ணன் பேசறார். வீட்டோட மாப்பிள்ளையாப் போனதுலேருந்து முதல் தடவையா அவர் மாமியார் லீவு குடுத்திருக்காங்களாம், கல்யாணத்துக்கு வரலாமான்னு கேக்கறார்."