வேதகிரி கத்தாத வாரம்

தவிடு விழ வேண்டிய சாக்கில் அரிசி விழுந்துகொண்டிருந்தது.

வேதகிரி அதைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கை தானாக இடுப்புக்குப் போனது. தான் இப்போது வேறு ஆள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, விழுங்காமல் நின்றார். வாயில் தண்ணீர் இருக்கிறவரை யாரும் யாரையும் திட்ட முடியாது. காஞ்சிபுரத்தில் ஏசி ஓட்டலில் நடந்த நிர்வாகப் பயிற்சியில் அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது.

மிஷின் ஓட்டும் பச்சமுத்து எதிரே வந்து, தலையைக் குனிந்துகொண்டு, திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

வேதகிரி தண்ணீரை விழுங்கினார். "என்ன நடந்தது பச்சமுத்து?" என்று மெதுவாகக் கேட்டார். பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து அவருடைய 'இன்னா'கூட 'என்ன' ஆகியிருந்தது.

"கேக்கல சார்." மிஷின் அவ்வளவு இரைச்சல்.

"என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனிமேல் என்ன பண்ணலாம்? இதுக்குப் பதில் சொன்னா போதும்."

"சாக்க மாத்தி மாட்டிக்கினேன் சார். தப்பு என்னுதுதான். நீங்க இன்னா வேணா சொல்லலாம்."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. சரியா மாட்டு. தேங்க்ஸ்."

பச்சமுத்து நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் வேதகிரிக்குப் பிடிபடவில்லை. நன்றியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் உள்ள அந்த ரைஸ் மில் இத்தனை வருஷமும் ஓடியது கரண்டில் பாதி, மேனேஜர் வேதகிரியின் தொண்டையில் பாதி. தினம் ஒரு தடவையாவது கத்தாமல் மனுஷன் வீட்டுக்குப் போனதில்லை. அதிலும் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். மிஷின் ஓடும்போது கத்தினால் பாதி வசவு வீணாகிவிடும் என்று, முதலில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். அவர் சொல்லாமல் மிஷினை நிறுத்தக் கூடாது என்பது மில்லில் சட்டம்.

போன மாதம் அந்தத் தொண்டை ஆள் தெரியாமல் திறந்துவிட்டது. மூட்டையில் எடை குறைகிறது என்று போன் செய்த செங்கல்பட்டு வியாபாரியை லாரி டிரைவர் என்று நினைத்துப் பேசிவிட்டார். பேசியதை இங்கே எழுதினால் நல்லாயிருக்காது. மறுநாள் காலையிலேயே முதலாளி சுகுமார் கூப்பிட்டனுப்பினார்.

"உன் வேலயில நான் குத்தம் சொல்லல வேதகிரி. ஆனா இனிமே ஒருவாட்டி உன் சத்தம் என் காதுல வுயுந்திச்சின்னா, அப்புறம் நீ ரோட்டுல நின்னுதான் கத்தணும்."

பயிற்சிக்கு அனுப்பியதும் அவர்தான். அதை நினைத்தால் வேதகிரிக்கு இப்போதும் முகம் சுண்டிப்போகும். தன் மகள் பூஜா வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நாற்காலியில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவரை, பயிற்சி கொடுத்தவர் எழுப்பி நிறுத்தினார். "கோபம் வந்தால் எப்படிப் பேசுவீர்கள், பேசிக் காட்டுங்கள்" என்றார். வேதகிரி பேசிக் காட்டினார். சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். அந்த அவமானத்தை மனைவி அம்முலுவிடம்கூட அவர் சொல்லவில்லை. பூஜாவுக்குக் காலேஜ் படிப்பு பாதியில் இருக்கிறது. இந்த வேலை போனால் வேறு எந்த மில்லும் இந்தத் தொண்டையை உள்ளே விடாது. ஆகவே, வேறு வழியில்லாமல், திருந்தினார்.

இன்று சாயங்காலம் முதலாளி அந்தச் செங்கல்பட்டு வியாபாரியையே கூட்டிக்கொண்டு வருகிறார். அவருக்கு வேண்டிய பொன்னி லோடு தயாராக நிற்க வேண்டும். பக்கத்தில் மேனேஜர் அமைதியாக நிற்க வேண்டும். ஆனால் அவர் கத்தாத இந்த வாரம் முழுக்க மில்லில் தப்புக்கு மேல் தப்பாக நடந்துகொண்டிருந்தது. ஆயுசில் இவ்வளவு தப்பை அவர் பார்த்ததில்லை.

பயிற்சியில் சொன்னதையே நம்பினார். ஆபீஸ் அறையிலிருந்து வெள்ளைப் பலகையைத் தூக்கிவந்து சுவரில் மாட்டினார். யார், எங்கே, எப்போது, என்ன வேலை என்று கட்டம் கட்டமாக எழுதினார். ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விடவில்லை. அடியில், 'இயந்திரம் நிற்காது, நாமும் நிற்க மாட்டோம்' என்று எழுதிக் கோடும் போட்டார்.

உமி பெருக்குகிற மங்கம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு பலகையை மேலும் கீழும் பார்த்தாள். "எயுத்து அயகா கீது சார்" என்றாள். "மூச்சு வுடறதுக்குத்தான் எடம் காணோம்."

வேதகிரி பெருந்தன்மையாகச் சிரித்தார். அமைதியான நிர்வாகி தொழிலாளியின் கிண்டலையும் ரசிப்பான்.

சிரித்த வாய் மூடுவதற்குள் தையல் மிஷின் பக்கம் சலசலப்பு. மூட்டை தைக்கிற நிஷா, இட்லி அரிசியையெல்லாம் பொன்னிப் பையில் போட்டுத் தைத்திருந்தாள். புடவைக்கு மேலே புருஷனுடைய தொளதொளச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வேர்வையைத் துடைத்தபடி நின்றாள். அதற்குள் ஆளுக்கு ஆள் ஓடிவந்து கூடிவிட்டார்கள்.

வேதகிரி ஒரு வாய் தண்ணீரைப் பிடித்து, நிதானமாக விழுங்கினார். "என்ன நடந்தது நிஷா?"

"பை மாறிப்போச்சு சார்."

"ஏன் மாறிச்சு?"

"கொயுப்பு சார்" என்று லோடு ஏற்றுகிற தமிழரசன் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தான். "இத்த சும்மா வுடாதீங்க. நல்லா நாலு வார்த்த கேளுங்க."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது தமிழரசா. தப்பு ஆள் மேல இல்ல, வேலை நடக்கிற முறை மேல."

எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதுவும் வரவில்லை என்றதும் பெருமூச்சு விட்டுக் கலைந்தார்கள். என்ன ஒரு நிம்மதி இந்த ஜனங்களுக்கு என்று வேதகிரி உள்ளுக்குள் குளிர்ந்தார். பையைச் சரிபார்க்க என்று லோடு ஏற்றுகிறவர்களில் ரெண்டு பேரைப் பிரித்து நிஷா பக்கம் நிறுத்தினார். நிஷா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். அப்புறம் தைக்கப் போனாள்.

லோடு ஏற்ற ஆள் குறைந்ததா, அங்கே ஆரம்பித்தது அடுத்தது. மாட்டுத் தீவனத்துக்குத் தவிடு ஏற்ற வந்த லாரியில் செங்கல்பட்டுப் பொன்னியை அடுக்கிக்கொண்டிருந்தான் தமிழரசன். முக்கால் லாரி நிறைந்த பிறகுதான் வேதகிரி பார்த்தார்.

பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் இல்லை. வெறும் காற்றை வாயில் அடைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப நின்றார்.

"மாத்தி ஏத்திட்டேன் சார்" என்றான் லாரிமேல் இருந்தபடியே தமிழரசன். "திட்டுங்க சார், பரவால்ல."

"இல்ல தமிழரசா."

"கொஞ்சமாச்சும் திட்டுங்க சார். மனசுக்கு ஒருமாதிரியா கீது."

வேதகிரிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் வராத மனசாட்சி, அமைதியாக நாலு நாள் இருந்ததும் வந்துவிட்டதே என்று நினைத்தார். பழைய வசவெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து உடம்பைக் கூசவைத்தது. இப்படிப்பட்ட ஜனங்களையா அப்படிப் பேசினோம்.

"எல்லாரும் கை குடுங்க" என்று கனிவாகச் சொன்னார். "ஆம்பள பொம்பள பேதமில்லாம ஆளுக்கொரு மூட்டையா இறக்கிடுவோம். மிஷின் பாட்டுக்கு ஓடட்டும்."

நிஷாவும் ஒரு மூட்டையின் மூலையைப் பிடிக்க வந்தாள். அதைப் பார்த்த மங்கம்மா, குவித்து வைத்திருந்த உமியை நேராக ராட்சச ஃபேனுக்கு எதிரே தள்ளிவிட்டாள்.

உமி மில் முழுக்கப் பறந்தது. இறக்கிய பொன்னி மேல், வெள்ளைப் பலகை மேல், முதலாளி வருகிறார் என்று வேதகிரி போட்டிருந்த இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை மேல், திறந்திருந்த அவர் வாய்க்குள்ளும் போனது.

"என்ன... நடந்தது..." என்று இருமினார்.

"நான்தான் தள்ளிவுட்டேன்."

"ஏன்... நடந்தது..."

"வோணும்னுதான் பண்ணேன். இன்னா பண்ணுவ நீ? வாயில தண்ணிய வச்சிக்கினு நிப்ப. நீயெல்லாம் ஒரு மேனேஜரு."

அவ்வளவுதான். காஞ்சிபுரம், ஏசி ஓட்டல், பயிற்சி எல்லாம் உமியோடு பறந்தன.

"நிறுத்துங்கடா அல்லாத்தையும்" என்றார் வேதகிரி. தெருக்கோடி வரைக்கும் கேட்டது. மிஷின் நின்றது. "இன்னா நெனச்சிக்கினு கீறீங்க அல்லாரும்? மில்லா இது, சந்தக்கடையா? ஒருத்தனாச்சும் ஒயுங்கா வேல பாக்கறீங்களா?" ஒரு வாரமாக அடைத்து வைத்ததெல்லாம் மடை திறந்தது. மங்கம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு எதிரே நின்றாள். மற்றவர்கள் மூட்டை அடுக்குகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டார்கள். பயந்துவிட்டார்கள் என்று நினைத்த வேதகிரி இன்னும் ஒரு கட்டை ஏற்றினார்.

ஏற்றிய கட்டையில் அப்படியே நின்றுபோனார். வாசலில் முதலாளி சுகுமார் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் செங்கல்பட்டு வியாபாரி. போனில் கேட்ட அதே குரல்தான் என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்கா உன்ன காஞ்சிபுரம் அனுப்பினேன்?" என்றார் சுகுமார்.

வேதகிரிக்கு நின்ற இடத்திலேயே புதைந்து போகலாம்போல் இருந்தது. லோடு போயிற்று, வேலையும் போனமாதிரிதான். அதைவிட, துடைப்பமும் கையுமாகக் குனிந்து நிற்கிற ஒரு பெண்பிள்ளையை ஊர் கேட்கத் திட்டிய வாய் கசந்தது. பூஜா பார்த்திருந்தால் என்ன நினைப்பாள் என்று தோன்றியது.

"தப்புதாங்க" என்றார் முதலாளியிடம். பிறகு மங்கம்மா பக்கம் திரும்பி, கைகூப்பாத குறையாகச் சொன்னார். "மன்னிச்சிக்கோ மங்கம்மா. இன்னியோட சரி. நான் இருந்தாலும் போனாலும் இனிமே இந்த மில்லுல யாரும் கத்த மாட்டாங்க. பச்சமுத்து, மிஷின ஓட்டுப்பா."

மங்கம்மா பதறிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். முதலாளிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"ஓட்டச் சொல்லாதீங்க சார், இந்தவாட்டி திட்டு வாங்கற மொற என்னுது, நீங்க கத்தற வரைக்குந்தான் மிஷினு நிக்கும், வாயும் வயிறுமா கீற நிஷா இந்த வாரத்துல இப்பதான் மூட்ட சந்துல கால நீட்டிப் படுத்துக்கினு கீது, இன்னும் கொஞ்ச நேரம் திட்டுங்க."