பேக்கிங் பட்டைக் கார்செட்

பெண்களின் உள்ளாடை வரலாற்றைப் பற்றி நான் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஏழு வாக்கியம் பேசத் திட்டம். மூச்சு மூன்றரை வாக்கியத்துக்குத்தான் வந்தது. மிச்சத்தை இன்றுவரை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் வேண்டாம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேலம்பாளையத்தில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். அதாவது, சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம். நாங்கள் தைத்தது பிரா. ஆனால் முதலாளி அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அவருக்கு அது "அயிட்டம்". "ஏங்கண்ணு, அந்தக் கறுப்பு அயிட்டத்துக்குக் கொக்கி வந்துருச்சுங்களா?" என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

பெருமாநல்லூர்ப் பக்கம் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் நானும் "பனியன் கம்பெனி" என்றுதான் சொல்லியிருந்தேன். எங்கள் ஊரில் எதைத் தைத்தாலும் பனியன் கம்பெனிதானே. (பொய் இல்லை. உண்மையைக் கொஞ்சம் சின்ன சைஸில் சொன்னேன், அவ்வளவுதான்.)

கம்பெனி ஆண்டு விழா வந்தது, தையல் கூடத்திலேயே மேடை. பெரிய ஆர்டர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண்மணி, எங்கள் பையர் அம்மா, அவரும் வருவதாக இருந்தது.

"அயிட்டத்தோட வரலாறுன்னு ஒண்ணு போடுங்க கண்ணு. அந்தம்மா அசந்து போகோணும். ஆர்டரு வந்துச்சுன்னா நீங்கதான் சீனியரு" என்றார் முதலாளி.

'முடியாதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ இரண்டு நாள் இன்டர்நெட்டில் மேய்ந்துவிட்டு என்னை நானே பேராசிரியை ஆக்கிக்கொண்டேன். நம் பழங்காலத்துக் கச்சு, பிறகு ரவிக்கை, கடைசியில் எங்கள் பிரா என்று வரிசை போட்டேன். அதோடு விட்டேனா? நடுவில் ஒரு கார்செட்டும் வேண்டும் என்றேன். ஐரோப்பியப் பெண்கள் இடுப்பு சிறுக்க வேண்டும் என்று முதுகில் நாடா போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்ட உடுப்பு அது. விறைப்பாக நிற்க, திமிங்கலத்தின் வாயிலிருந்து எடுத்த பட்டைகளை உள்ளே செருகினார்களாம்.

எங்கள் சாம்பிள் டெய்லர் பாக்கியம் அக்கா தூத்துக்குடிக்காரர். படத்தைப் பார்த்ததும் சொன்னார்: "ஏட்டி, இது உடுப்பா கோழிக்கூடா? நான் கடக்கரையில பொறந்தவ, சொல்லுதேன் கேளு. திமிங்கலத்துகிட்டலாம் நமக்கு வம்பு வேண்டாம்."

திமிங்கலத்துக்குப் பதில் அட்டைப்பெட்டி கட்டும் பேக்கிங் பட்டையை வெட்டிச் செருகச் சொன்னேன். தைத்து ஆளுயரப் பொம்மைக்கு மாட்டினால் பின்பக்கம் ஒரு சாண் இடைவெளி. பொம்மை ஃபைபர், அதன் இடுப்பு எப்படிச் சிறுக்கும்?

"பொம்மைக்குத்தானே சிறுக்காது? நான் போட்டுக்கறேங்கக்கா" என்றேன். விழா நாள் காலை. இரண்டு தட்டுப் பொங்கலும் மூன்று வடையும் உள்ளே போயிருந்தன.

சுடிதாருக்கு மேலேயே மாட்டிக்கொண்டு மேசையைப் பிடித்து நின்றேன். அக்கா என் முதுகில் முழங்காலை ஊன்றி, வலை இழுப்பதுபோல நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டார். இடுப்பு சிறுத்தது. அங்கிருந்த பொங்கல் தொண்டைக்கு ஏறியது.

மேடையேறிப் பார்த்தால் முதல் வரிசையில் அப்பா. வெள்ளை வேட்டி சட்டையில், என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரிக்கிறார். (வர வேண்டாம் என்று நான் நாலு தடவை சொல்லியிருந்தேன். முதலாளி ஃபோன் போட்டு அழைத்திருக்கிறார்.)

"பெண்களின்... உடை... வரலாறு..." என்று ஆரம்பித்தேன். வார்த்தைக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது. நான் உணர்ச்சிவசப்படுகிறேன் என்று நினைத்துப் பையர் அம்மா கைதட்டினார். உடனே எல்லோரும் தட்டினார்கள். மூன்றரை வாக்கியத்தில் கண் இருட்டியது. முதலாளி அதைப் பேச்சு முடிந்ததாக எடுத்துக்கொண்டு, "வாங்க கண்ணு, நீங்களே வெளக்கேத்துங்க" என்று மெழுகுவத்தியைக் கையில் திணித்தார்.

குனிந்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு பட்டை துணியைக் கிழித்துக்கொண்டு வந்து தாடையில் குத்தியது. இன்னொன்று பின்னால் வாலாக நீட்டியது. மிச்சமெல்லாம் விலாவை இன்னும் இறுக்கிப் பிடித்தன.

"அவுத்து... உடுங்க..." என்றேன். மைக் அணைக்கப்படவில்லை.

பாக்கியம் அக்கா ஓடி வந்து முடிச்சைப் பிடித்தார். அது இறுகிக் கல்லாகியிருந்தது. "கத்தரி! யாராவது கத்தரி குடுங்கட்டி!"

கத்தரி எங்கே இருக்கும்? துணிக்குள் சிக்கிப் பெட்டியோடு கப்பல் ஏறிவிடக் கூடாதென்று ஒவ்வொரு கத்தரியும் மெஷினோடு சேர்த்துக் கட்டியிருக்கும். பையர் வரும் நாளாயிற்றே என்று அன்று காலை ஒவ்வொன்றின் முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தவள் வேறு யாருமில்லை, நானேதான்.

கத்தரி என்னிடம் வராததால் நான் கத்தரியிடம் போனேன். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வால் ஆட, மூன்றாவது லைனுக்கு ஊர்வலம். தையல் மேசையில் குப்புறப் படுக்கவைத்தார்கள். கயிறு எட்டும் தூரத்துக்கு என்னை நகர்த்தி நகர்த்தி, அக்கா நாடாவை ஒவ்வொன்றாக வெட்டினார். பையர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி, "அயிட்டம் நம்மளுது இல்லீங்க மேடம், நம்மளுது இல்லீங்க" என்று தமிழிலேயே மன்றாடிக்கொண்டிருந்தார். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரோரம் சுவரைப் பார்த்து நின்றார்.

கடைசி நாடா அறுந்ததும் நான் விட்ட மூச்சில் மேசையிலிருந்த நூல்துணுக்கெல்லாம் பறந்தது.

பிறகு ஆர்டர் வந்தது. பையர் அம்மா கேட்டிருந்தது, கம்பியோ பட்டையோ எதுவும் இல்லாத மெத்தென்ற பருத்தி பிரா. என்னை மட்டும் சீனியர் ஆக்கவில்லை.

அன்று அப்பாவின் பைக்கில் வீட்டுக்குத் திரும்பினோம். பெருமாநல்லூர் நெருங்கும்போது அப்பா வண்டியை மெதுவாக்கினார். வேலையை விடச் சொல்லப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஏங்கண்ணு, அந்தக் காலத்துல பொம்பளைங்க அதெத் தெனமும் போட்டாங்களா?"

"ஆமாங்கப்பா."

"அப்பறம் சோறு எப்பிடித் தின்னாங்க?"

"தெரியலீங்கப்பா."

கொஞ்ச தூரம் போனபின், "பாவம் கண்ணு" என்றார். வேலையைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அன்றோடு ஒரு சட்டம் வந்துவிட்டது. துணிக்கடையில் யார் எதைப் போட்டுப் பார்த்தாலும், அப்பா எதிரே நின்று, "நல்லா மூச்சு இழுத்து உடு" என்பார். என் கல்யாண ரவிக்கைக்கும் இது நடந்தது. மாப்பிள்ளையின் கோட்டுக்கும் நடந்தது.

போன மாதம் என் எட்டு வயது மகளுக்குப் பாவாடை சட்டை எடுக்கப் போயிருந்தோம். கடையில் கால்வைக்க இடமில்லை. "மூச்சு இழு சாமி" என்றார் அப்பா. அவள் இழுத்தாள், விட்டாள். பிறகு தாத்தாவிடம், கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்:

"ஏனுங்க அப்புச்சி, பத்தலீன்னா அம்மாவெ மாதிரி என்னையும் மேசை மேல குப்புறப் போட்டு அறுப்பீங்களா?"

நான் யாரோ எவரோ என்பதுபோல வேட்டிப் பிரிவுக்கு நடந்தேன்.